வெட்டு விழுந்த ரயர்

சைக்கிள் ரயரில் ஒரு வெட்டு விழுந்தால் என்ன செய்வீர்கள்? இலண்டனிலும் ரொறன்ரோவிலும் வாழும் நண்பர்கள் சிலரிடம் அண்மையில் இந்தக் கேள்வியைக் கேட்டேன். "கழற்றி எறிந்துவிட்டுப் புதியது போடுவோம்" என்றார்கள். மட்டக்களப்பில் உள்ளவர்களிடம் கேட்டேன். "ஓடும் மட்டும் ஓடட்டும்" என்றார்கள். இரண்டு பதில்களும் எனக்கு உவப்பானவையல்ல. முதலாவது வீண் செலவு. இரண்டாவது ஆபத்து.

இவ்விரண்டுக்கும் நடுவே ஒரு வழி உண்டு. வெட்டைக் கூர்ந்து பார்த்து, அது எவ்வகையானது என்று தெரிந்துகொண்டு, பழுதுபார்க்கக் கூடியதைப் பழுதுபார்ப்பது. கூடாததைத் தயங்காமல் எறிவது. இதற்குக் கருவிகள் அதிகம் வேண்டியதில்லை. பார்க்கத் தெரிந்திருந்தாற் போதும். அந்தப் பார்வை எங்கள் வாவிக்கரை ஊர்களில் ஒரு காலத்தில் வீட்டுக்கு வீடு இருந்தது. அதை எங்கள் மக்கள் விரும்பிக் கற்கவில்லை, காலம் கற்பித்தது.

முதலில் ஒரு விளக்கம். ரியூபில் ஆணியோ முள்ளோ குத்திக் காற்றுப் போவது வேறு. ரயரில் வெட்டு விழுவது வேறு. ரியூபுக்கு ஒட்டுப் போட எல்லோருக்கும் தெரியும். ரயர் வெட்டைத்தான் பலர் கவனிப்பதில்லை. ஏனெனில் வெட்டு விழுந்த அன்றே சைக்கிள் நின்றுவிடுவதில்லை. அது ஓடிக்கொண்டேயிருக்கும். ஒரு நாள், பெரும்பாலும் பாரம் ஏற்றியிருக்கும் வேளையிலோ வேகமாய் இறங்கும் வேளையிலோ, துப்பாக்கி வெடித்தாற்போல் ஒரு சத்தம் கேட்கும். அப்போது ரயரும் போயிருக்கும், ரியூபும் போயிருக்கும். ஓட்டியவரின் முழங்காலும் போயிருக்கலாம்.

ரயர் என்பது வெறும் றப்பர் வளையமன்று. நிலத்தோடு உராய்வது றப்பர். அதனுள்ளே நெருக்கமாகவும் சரிவாகவும் அடுக்கப்பட்ட நூற்படலம் ஒன்று இருக்கிறது. அந்நாளில் அது பருத்தி, இந்நாளில் நைலோன். இரு ஓரங்களிலும் ரிம்மைக் கவ்விப் பிடிக்கும் கம்பி வளையங்கள். விலை கூடிய ரயர்களில் கம்பிக்குப் பதிலாகக் கெவ்லார் இழை இருக்கும். உள்ளே அடைக்கப்பட்ட காற்றின் அழுத்தத்தைத் தாங்கிக்கொள்வது அந்த நூல்தான். றப்பர் நூலைக் காக்கிறது, நிலத்தைப் பற்றிக்கொள்கிறது. அவ்வளவே அதன் வேலை. ஆகவே ஒரு வெட்டைக் கண்டதும் கேட்க வேண்டிய கேள்வி ஒன்றுதான்: நூல் அறுந்திருக்கிறதா, இல்லையா?

காற்றடைத்த ரயருக்கு வயது அதிகமில்லை. ஸ்கொட்லாந்துக்காரரான ரொபேர்ட் வில்லியம் தொம்சன் 1845இல் அதற்குக் காப்புரிமை பெற்றார். அது மறக்கப்பட்டுப்போனது. 1888இல் பெல்பாஸ்ற் நகரில் கால்நடை வைத்தியராயிருந்த ஜோன் பொய்ட் டன்லப், தம் மகனின் முச்சக்கர சைக்கிளுக்காக அதை மீண்டும் கண்டுபிடித்தார். தொம்சன் முந்திக்கொண்டிருந்தார் என்பது பின்னர் தெரியவர, டன்லப்பின் காப்புரிமை செல்லாததாயிற்று. ஆனால் பெயர் அவருடையதாகவே நிலைத்துவிட்டது. இதற்கு முன்பே, 1876இல், இலண்டன் கியூ பூங்காவிலிருந்து றப்பர் நாற்றுகள் இலங்கைக்கு வந்து கம்பஹாவில் உள்ள ஹெனரத்கொடைப் பூங்காவில் நடப்பட்டன. மரம் முந்தி வந்தது. சைக்கிள் ரயர் பிந்தி வந்தது.

மட்டக்களப்பு வாவி ஏறத்தாழ 56 கிலோமீற்றர் நீளமானது. கடலுக்கும் வாவிக்கும் இடையில் ஒடுங்கிய நிலத்தை எழுவான்கரை என்போம். சூரியன் எழும் கரை. வாவிக்கு மேற்கே வயலும் குளமும் மேய்ச்சல் நிலமுமாக விரிவது படுவான்கரை. சூரியன் படும் கரை. எங்கள் மக்களிற் பலருக்கு வீடு ஒரு கரையில், தொழில் மறு கரையில். நடுவே தண்ணீர். அதைக் கடக்க ஒருசில பாலங்களும், 'பாதை' என்று நாங்கள் அழைக்கும் மிதவைப் படகுகளும் இருந்தன. வெளியூர் வாசகர்கள் குழம்பக் கூடாது: எங்களுக்குப் பாதை என்றால் மண்ணில் கிடப்பது மட்டுமன்று, தண்ணீரில் மிதப்பதும்தான்.

என் தகப்பனார் படுவான்கரைப் பாடசாலை ஒன்றில் ஆசிரியர். வீடு ஆரையம்பதியில். பாடசாலை நாட்களில் விடிய எழுந்து, மண்முனைத் துறையில் சைக்கிளோடு பாதையில் ஏறி, அக்கரையில் இறங்கி, கிறவல் வீதியில் மிதித்துச் செல்வார். மாலையில் அதே வழி. துறையடியில் சிப்பியும் ஊரியும் கிடக்கும். பாதையின் இரும்பு விளிம்பில் சில்லை ஏற்றி இறக்க வேண்டும். கிறவல் வீதியின் கற்கள் கூர்மையானவை. ஊருக்குள் வந்தால் உடைந்த சாராயப் போத்தல்கள். முள் குத்துவதைவிட வெட்டு விழுவதுதான் அதிகம். அவருடைய ராலிச் சைக்கிளின் ரயரில் வெட்டில்லாத இடம் எது என்று தேட வேண்டியிருக்கும்.

வெட்டு விழுந்தால் காத்தான்குடியில் ஒரு காக்காவின் கடைக்குக் கொண்டுபோவார். ஆரையம்பதிக்கும் காத்தான்குடிக்கும் இடையில் எல்லை என்று சொல்ல ஓர் ஒழுங்கையைத் தவிர எதுவும் கிடையாது. அந்தக் கடையில் இரும்புப் பெட்டியொன்றின் மேல் அமர்ந்து, ரயரை மடியில் வைத்து, விரல்களால் உள்ளும் புறமும் தடவிப் பார்த்து, "இது ஓடும் சேர்" அல்லது "இது சரிவராது சேர்" என்று காக்கா தீர்ப்புச் சொல்வார். அவர் தீர்ப்புக்கு மேன்முறையீடு இல்லை.

1990 ஓகஸ்ட் 3ஆந் திகதி இரவு காத்தான்குடிப் பள்ளிவாசல்களில் தொழுகையிலிருந்த நூற்றுக்கு மேற்பட்ட முஸ்லிம் மக்கள் விடுதலைப் புலிகளால் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். அந்த ஆண்டு எங்கள் மாவட்டத்தில் தமிழ் ஊர்களிலும் முஸ்லிம் ஊர்களிலும் போன உயிர்களின் கணக்கு நீளமானது. அதன்பின் ஒழுங்கை உண்மையிலேயே எல்லையாகிவிட்டது. இவர்கள் அங்கே போவதில்லை. அவர்கள் இங்கே வருவதில்லை. சைக்கிளுக்கு வெட்டு விழுவது மட்டும் நிற்கவில்லை.

வீட்டில் ரயர் பழுதுபார்ப்பது எங்கள் குடும்பத்தில் அப்படித்தான் தொடங்கியது. ஒரு பால்மாப் பேணி. அதற்குள் சொலுசன், பழைய ரியூபிலிருந்து வெட்டிய துண்டுகள், அரத்தாள், பாதிச் சவர அலகு, சாக்கு ஊசி, மீன்வலை பின்னும் நைலோன் நூல், காலம் முடிந்த ரயரிலிருந்து வெட்டிய பட்டைகள். ரயர் கழற்றப் பழைய கரண்டிக் காம்புகள் இரண்டு. பெரிய வெட்டானால் தகப்பனார் வலைநூலால் குறுக்கும் மறுக்குமாகத் தைத்து, உள்ளே பழைய ரயர்ப் பட்டையொன்றை வைத்து, அதன் மேல் ரியூபைப் போட்டு மூடுவார். படுவான்கரையில் இது இன்னும் பரவலாயிருந்தது. யுத்த காலத்தின் பெரும்பகுதியில், 2007 வரை, அக்கரை புலிகளின் கட்டுப்பாட்டிலிருந்தது. எரிபொருள் சோதனைச் சாவடிகளைத் தாண்டிச் செல்வது கட்டுப்படுத்தப்பட்டிருந்தது. நெல் மூடை, விறகு, தயிர்ச் சட்டி, நோயாளி என்று எல்லாம் சைக்கிளிலேயே போயின. பாரம் கூடக்கூட ரயரும் வெட்டுக் கண்டது. தைத்த ரயரில்லாத சைக்கிளை அங்கே காண்பது அரிது என்று சொன்னால் அது மிகையன்று. செய்தி சேகரிக்கப் போன நானும் அப்படியான ரயர்களில்தான் போனேன்.

சில ஆண்டுகள் கழித்து ஒழுங்கை மெல்ல மெல்ல மீண்டும் ஒழுங்கையாயிற்று. தகப்பனார் ஒரு நாள் காக்காவின் கடைக்குப் போனபோது நானும் உடன் போனேன். இருவரும் நலம் விசாரித்துக்கொண்டார்கள். இடைப்பட்ட காலம் பற்றி இருவரும் ஒரு சொல்லும் பேசவில்லை. காக்கா குனிந்து முன்சில்லைப் பார்த்தார். தையலை விரலால் தடவினார். "ஆர் தைச்ச சேர்? நல்லாத்தான் இரிக்கி" என்றார். பிறகு கேட்காமலே சைக்கிளைத் தலைகீழாக நிறுத்தினார். முன் ரயரைப் பின்னுக்கும் பின் ரயரை முன்னுக்கும் மாற்றிப் போட்டார். "தைச்சத முன்னுக்குப் போடாதீங்க. பின்னால வெடிச்சா நிப்பீங்க. முன்னால வெடிச்சா முகந்தான்" என்றார். கூலி வாங்க மறுத்துவிட்டார்.

ரயர் பற்றி நான் கற்றவற்றுள் முதன்மையானது அதுதான். முன்சில்லு வழி காட்டுவது. அதில் காற்றுத் திடீரெனப் போனால் கைபிடி நம் சொற்கேளாது. பின்சில்லில் போனால் சைக்கிள் ஆட்டங்கண்டு நிற்கும். ஆகவே இரண்டில் நல்ல ரயர் எப்போதும் முன்னுக்கு.

காலம் மாறியது. கல்லடியில் 1924இல் கட்டப்பட்ட லேடி மனிங் பாலத்தின் பக்கத்தில் 2013இல் புதிய பாலம் திறக்கப்பட்டது. 2014இல் மண்முனையில் பாலம் வந்தது. என் தகப்பனார் ஏறிய பாதை ஓய்வு பெற்றது. வீதிகள் காபெற் போடப்பட்டு வழுவழுப்பாயின. சைக்கிள்கள் சுவரோரம் சாய்ந்தன. பிறகு 2022 வந்தது. மார்ச் தொடக்கத்தில் 200 ரூபா அளவில் இருந்த டொலர் மே மாதத்தில் 360 ரூபாவாயிற்று. ஜூன் 26ஆந் திகதி பெற்றோல் லீற்றர் 470 ரூபாவுக்கு ஏறியது. அந்த விலைக்கும் கிடைக்கவில்லை. சாய்ந்திருந்த சைக்கிள்களையெல்லாம் தூசு தட்டி எடுத்தோம். வெயிலிலும் உப்புக்காற்றிலும் வெடித்துக் கிடந்த ரயர்கள் மறுபடி வீதிக்கு வந்தன. புதிய ரயர் வாங்கக் கூலிக்குப் போகிறவர் ஒரு நாட் சம்பளத்தைக் கொடுக்க வேண்டியிருந்தது.

அப்போது என்னிடம் வந்து சேர்ந்தது அவுஸ்திரேலியாவிலிருந்து வந்த மருமகன் விட்டுச்சென்ற பந்தயச் சைக்கிள். அதன் ரயர் அகலம் 25 மில்லிமீற்றர், என் பெருவிரலளவு. தகப்பனாரின் ராலி ரயர் 40 மில்லிமீற்றர் அளவானது. அதற்குச் சதுர அங்குலத்துக்கு ஐம்பது இறாத்தல் வரை காற்றடித்தாற் போதும். இந்த மெல்லிய ரயருக்குத் தொண்ணூறு வரை அடிக்க வேண்டும். கணக்குப் போட்டுப் பாருங்கள்: நூலறுந்து கால் அங்குலச் சதுரமாய் ஒரு துளை இருந்தால், அவ்விடத்தில் ரியூபை வெளியே தள்ளும் விசை ஐந்தரை இறாத்தல். மெல்லிய ரியூப் அதை எவ்வளவு நேரம் தாங்கும்? ஆகவே தகப்பனாரின் வலைநூல் தையல் இங்கே உதவாது. ஊசி நுழைந்த துளைகள் அருகிலுள்ள நூல்களையும் நலிவாக்கும். பழைய பார்வையை வைத்துக்கொண்டு செய்முறையை மாற்ற வேண்டும். நான் கைக்கொள்ளும் முறையை இங்கே தருகிறேன்.

முதலில் காற்றைப் பாதிக்கு இறக்கி, சில்லை மெல்லச் சுற்றி, வெளிப்புறத்தை வெளிச்சத்தில் பார்க்க வேண்டும். வெட்டில் கண்ணாடித் துகளோ கல்லோ இருந்தால் ஊசி முனையால் வெளிப்பக்கமாகக் கிளப்ப வேண்டும். உள்ளே தள்ளிவிடக் கூடாது. பின்பு ரயரைக் கழற்றி, உட்புறத்தைப் பஞ்சினால் துடைத்துக்கொண்டு போக வேண்டும். கூரான எதுவும் பஞ்சில் சிக்கும். வெறும் விரலால் தடவினால் விரலில் சிக்கும். இனி வெட்டு இருக்கும் இடத்தை வளைத்துப் பார்த்தால், நூல் முழுதாயிருக்கிறதா என்பது தெரிந்துவிடும்.

நூல் முழுதாயிருந்தால் அது றப்பர் வெட்டு. பயப்பட ஒன்றுமில்லை. மிகச் சிறியதானால் சுத்தஞ்செய்து அப்படியே விடலாம். மணல் புகுந்து ஆழப்படுத்தக் கூடிய அளவானால் சிறிது பெற்றோலிலோ ஸ்பிரிற்றிலோ துடைத்து, உலரவிட்டு, காய்ந்தபின்னும் வளைந்து கொடுக்கும் றப்பர்ப் பசையை, சப்பாத்து அடி ஒட்டுவார்களே அந்த வகையை, உள்ளே இறங்கும்படி தடவ வேண்டும். இரவு முழுதும் காயவிட்டு, மேலே வழிந்ததைச் சவர அலகால் சீவிவிடலாம். நொடியில் ஒட்டும் பசையைப் பலர் ஊற்றுகிறார்கள். அது பிடிக்கும், ஆனால் கண்ணாடிபோல் இறுகி, ரயர் வளைய வளைய உடைந்து உதிரும். இன்னொன்றும் நினைவிருக்க வேண்டும்: எந்தப் பசையும் ரயருக்குப் பலம் தருவதில்லை. அது மணலை வெளியே நிறுத்துகிறது, அவ்வளவே.

நூல் சிறிதளவு, அதாவது நெல்மணி நீளத்துக்குள், அறுந்திருந்தால் உட்புறம் பட்டை வைக்க வேண்டும். பழைய மெல்லிய ரயரின் பக்கச் சுவரிலிருந்து, வெட்டைச் சுற்றி ஒவ்வொரு பக்கமும் அரை அங்குலம் கூடுதலாய் இருக்கும்படி ஒரு துண்டு வெட்டி, அதன் ஓரங்களை அலகால் சீவி மெலிதாக்க வேண்டும். ஓரம் தடித்திருந்தால் அதுவே ரியூபைத் தேய்த்துத் துளைக்கும். பட்டையையும் ரயரின் உட்புறத்தையும் அரத்தாளால் தேய்த்து, இரண்டிலும் சொலுசன் பூசி, தொட்டால் ஒட்டாத பதம் வரும்வரை பொறுத்து, பிறகு அழுத்த வேண்டும். அவசரக்காரர்கள் இந்தப் பொறுமையில்தான் தோற்கிறார்கள். ஒட்டியபின் மேலே சிறிது முகப்பவுடர் தூவினால் ரியூப் அதில் ஒட்டிக்கொள்ளாது. நடுவழியில் பட்டை கிடைக்காவிட்டால் பால்மாப் பொதியின் உறையை நாலாய் மடித்து வைத்து, காற்றைக் குறைவாய் அடித்து, வீடு வந்து சேரலாம். அடுத்த நாள் வேலைக்குப் போகக் கூடாது.

திரும்பப் பூட்டியதும் காற்றைப் பாதிக்கு அடித்து நிறுத்தி, சில்லைச் சுற்றிப் பார்க்க வேண்டும். வெட்டிருந்த இடம் சிறிதேனும் புடைத்தால் வேலை தோற்றுவிட்டது. புடைக்காவிட்டால் முழுக்காற்றும் அடித்து ஓர் இரவு விட்டு, காலையில் மறுபடி பார்த்து, பின்சில்லில் போட்டு ஓடலாம்.

எறிய வேண்டியவை எவை? பக்கச் சுவரில் நூலறுந்தது, ஓரக் கம்பி தெரிவது அல்லது முறிந்தது, தேய்ந்து நூல் வெளியே தெரிவது, எங்காவது புடைத்திருப்பது, கால் அங்குலத்துக்கு மேல் நூலறுந்தது. இவற்றுக்கு எந்தப் பேணியிலும் மருந்தில்லை.

2022 ஜூலையில் அயலவர் ஒருவர் தம் மகளின் சைக்கிளை உருட்டிக்கொண்டு வந்தார். கூலிவேலை செய்கிறவர். மகள் உயர்தர வகுப்பு மாணவி. கல்லடிப் பாலத்தால் நகருக்கு வகுப்புக்குப் போய் வருகிறவள். பரீட்சை நெருங்கிக்கொண்டிருந்தது. முன் ரயரில் பக்கச் சுவர் வெட்டு. கடலைக் கொட்டையளவு ஒரு புடைப்பு. "பசை வைச்சிருக்கிறீங்களாமே அண்ணன். ரெண்டு மாசம் ஓடினாப் போதும்" என்றார். முடியாது என்றேன். அவர் முகம் வாடியது. பசை கொடுக்க மனமில்லாமல் சொல்கிறேன் என்றுகூட எண்ணியிருக்கலாம். புடைப்பை அவர் விரலாலேயே தொட்டுப் பார்க்கச் சொன்னேன். பாலத்தில் பஸ்ஸுக்குப் பக்கத்தில் போகும்போது இது வெடித்தால் என்னவாகும் என்று கேட்டேன். அவர் பதில் சொல்லவில்லை.

பின் ரயரைக் கழற்றிப் பார்த்தோம். வெளியே ஏழெட்டு வெட்டுகள். உள்ளே நூல் முழுதாயிருந்தது. பார்வைக்கு அதுதான் மோசமான ரயர். அதை முன்னுக்குப் போட்டேன். சந்தியிலிருந்த திருத்தகத்தில் கழித்துக் குவித்த ரயர்களைக் கிளறி, நெல்மணி நீள நூல்வெட்டுள்ள ஒன்றைச் சிறு தொகைக்கு வாங்கி, பட்டை வைத்துப் பின்னுக்குப் பூட்டினோம். பட்டையின் ஓரத்தை அவரே சீவினார். என்னைவிட நன்றாகச் சீவினார். அந்தச் சைக்கிளில்தான் அவள் பரீட்சை வரை போய் வந்தாள்.

பெற்றோல் திரும்பி வந்துவிட்டது. இப்போது அதிகாலையில் கல்லடிப் பாலத்தில் மெல்லிய ரயர்ச் சைக்கிள்களில் உடற்பயிற்சிக்காக இளைஞர்கள் போகிறார்கள். நல்ல விடயம். அவர்களுள் ஒருவர், நூலில் ஒரு கீறலும் இல்லாத ரயரைக் குப்பையில் போடப்போனார், வாங்கி வைத்திருக்கிறேன். இன்னொருவர் புடைத்த ரயரில் ஓடிக்கொண்டிருந்தார், மறித்துச் சொன்னேன். இருவருக்கும் குறைவாயிருந்தது பணமன்று. ரயரைக் கழற்றி உட்புறத்தைப் பார்க்க அவர்களுக்கு எவரும் காட்டிக் கொடுத்திருக்கவில்லை.

வாரத்தில் ஒரு நாள், ஐந்து நிமிடம், சில்லைச் சுற்றிப் பாருங்கள். வீட்டில் பிள்ளைகள் இருந்தால் பக்கத்தில் வைத்துக்கொண்டு பாருங்கள். பஞ்சை அவர்கள் கையில் கொடுங்கள்.